பதினான்காம் துளை

ஜனவரி. டார்ட்டு நகரில்
நாலு மணிக்கே விளக்கு.
ஹெல்வி தாளின் தலையில் எழுதினாள்:
பெய்ப்சி ஏரியின் பனிக்கட்டி ஏன் மெலிகிறது?
எழுதியதும் ஒரு நிம்மதி.
ஏரியையே போர்த்திவிடும் கேள்வி.

எதிர்மேசை யாகுப்
ரொட்டியைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான்.
"இதற்கு என்ன பதில் வந்தால்
நீ திடுக்கிடுவாய்?"
யோசித்தாள்.
எந்தப் பதிலும் பொருந்தியது,
தொளதொளத்த சட்டைக்குள்
எவரும் நுழைவதுபோல்.
அடித்தாள்.

'ஏன்' போய் 'எவ்வளவு' வந்தது.
ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்?
கீழ்த்தளத்து அலமாரியில்
நாற்பது குளிர்காலக் கோப்புகள்
அதைச் சொல்லிவிட்டுத் தூங்குகின்றன.
அதையும் அடித்தாள்.

மூன்றாவது,
போன வருடம் வாங்கிய ரேடாருக்காக.
செருப்பை வாங்கிவிட்டுக் கால் தேடும் கேள்வி.
நான்காவதன் உள்ளே பதில் ஏற்கெனவே குடியிருந்தது;
கேள்விக்குறி வாசலில் சும்மா காவல்.
ஐந்தாவது நிதிக்குழுவுக்குப் பிடிக்கும்.
அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்,
காப்பி ஆறும்வரை.

ஆய்வுச் சிக்கல் என்கிறது தமிழ்.
நூல் சிக்கினால் இழுக்கக் கூடாது,
இழுத்தால் இறுகும்,
நுனியைத் தேட வேண்டும்.
ஹெல்விக்கு இந்தச் சொல் தெரியாது.
ஆனாலும் அவள் விரல்
தாளின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை, ஏரியின் மேல்.
கரையில் வெங்காயப் பாத்திகள்
வெள்ளைக்கு அடியில் எங்கோ.
நேர்கோட்டில் பதினேழு துளைகள்.
யாகுப் துளைக்க, அவள் அளந்தாள்.
முப்பத்தொரு சென்டிமீட்டர். முப்பது. முப்பத்திரண்டு.
பதினான்காவதில் பத்தொன்பது.

"வழக்கம்போல் பிழை. நீக்கிவிடு."

வழக்கம்போல்.
அந்தச் சொல் காலை இடறிற்று.
கையுறையைப் பல்லால் உருவி
பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள்.
போன குளிரில் இருபத்தொன்று: பிழை.
அதற்கு முந்தியதில் பதினெட்டு: பிழை.
அவள் கையெழுத்தேதான்.
மூன்று வருடமாய் ஒரே இடத்தில் தவறுவது
கருவியா,
கண்ணா?

அருகே மீனவர்கள் நட்ட தார்ப்பாய்த் தடுப்பு.
அதன் பின்னால் முழங்காலளவு பனித்தூள்.
தூள் ஒரு கம்பளி;
கம்பளிக்கடியில் பனிக்கட்டி மெல்லத்தான் தடிக்கும்.
அல்லது
ஆழத்தில் ஓர் ஊற்று இருந்து
மண்ணின் வெதுவெதுப்பை மேலே அனுப்புகிறது.

"தடுப்பை ஏன் எப்போதும் இங்கேயே நடுகிறீர்கள்?"
சவேலி தூண்டிலிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"மீன் இங்கேதானே இருக்கிறது."
மீன் ஏன் இங்கே?
ஊற்றுக்காகவா?
அப்படியானால் ஊற்று மீனை இழுக்க,
மீன் ஆளை இழுக்க,
ஆள் தடுப்பை நட,
தடுப்பு பனியைக் குவிக்க...
இதுதான் சிக்கல்.
இதோ நுனியும்.

அன்றிரவு ஆறாவது கேள்வி:
தடுப்பை நாற்பதடி தள்ளி நட்டால்
ஐந்து வாரத்தில்
மெலிவும் கூடவே நகருமா,
நின்ற இடத்திலேயே நிற்குமா?

"இவ்வளவுதானா?" என்றான் யாகுப். "ஏரி எங்கே?"
"நகர்ந்தால் என் ஊற்று செத்தது.
நின்றால் உன் கம்பளி."
"பாதி நகர்ந்தால்?"
அவளிடம் பதில் இல்லை.
அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.
கீழே எழுதினாள்:
மார்ச் ஒன்று, காலை ஏழு மணி.
தான் தோற்கக்கூடிய நாளுக்குத்
தானே நாள் குறித்த முதல் தடவை.

தடுப்பை நகர்த்தச் சவேலி ஒப்புக்கொண்டார்,
மீன் வராவிட்டால்
இருபது கிலோ ஈடு என்ற பேச்சின்மேல்.
நிதிப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு
'கருவிகள்' என்பதன் கீழ்
அவள் மீனைச் சேர்த்தாள்.